அம்பயர் பதில்கள்: மழை நின்ற பிறகு தொடங்கும் சண்டை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழைக் கடிதங்கள். வார இறுதியில் மட்டும் ஆடுகிற கிளப்காரர்களின் ஜாதகம் அப்படி. ஐந்து நாள் வேலை, ஆறாம் நாள் மழை. நான் பதினெட்டு வருடம் மித வேகப் பந்து வீசியவன். முழங்கால் போன பிறகு ஸ்கோரர் ஆனேன், அப்புறம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டேன். ஆக, மழையைத் திட்டும் மூன்று இடங்களிலும் நின்றிருக்கிறேன். கடிதங்களுக்குப் போவோம்.

கேள்வி: எங்களுடையது 40 ஓவர் ஆட்டம். முதலில் ஆடி 180 எடுத்தோம். எதிரணி 20 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 95 எடுத்திருந்தபோது மழை பிடித்தது, விடவே இல்லை. “பாதி ஓவரில் பாதி ரன்னுக்கு மேலே எடுத்துவிட்டோம், ஜெயித்தது நாங்கள்தான்” என்கிறார்கள். பாதி அணி பெவிலியனில் உட்கார்ந்திருக்கிறதே என்றால் காதில் வாங்க மறுக்கிறார்கள். யார் சொல்வது சரி?
– கோபம் தணியாத ஒரு கேப்டன்

பதில்: நான் ஒன்று கேட்கிறேன். டாஸ் போடுவதற்கு முன்னால் என்ன பேசிக்கொண்டீர்கள்? உங்கள் கடிதம் மூன்று பக்கம் இருக்கிறது. எதிரணி கேப்டனின் குணநலன்கள் பற்றி மட்டும் ஒரு பக்கம். இந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை.

லீக் விதியிலோ உங்கள் ஒப்பந்தத்திலோ ‘ரன் ரேட்’ என்று இருந்தால், அவர்கள் ஜெயித்தார்கள். ஓவருக்கு 4.5 போதும், அவர்கள் 4.75 எடுத்திருக்கிறார்கள். எதுவுமே பேசிக்கொள்ளவில்லை என்றால் வெற்றி தோல்வி இல்லாத ஆட்டம்தான், கை குலுக்கிவிட்டுப் போங்கள். மழை ஆட்டங்களுக்கான ‘டக்வொர்த் லூயிஸ்’ கணக்கு என்று இருந்தால் கதை வேறு.

ரன் ரேட் கணக்கு நியாயமில்லை என்பது உலகத்துக்கு ரொம்ப நாளாகவே தெரியும். 20 ஓவர்தான் என்று தெரிந்துகொண்டு பத்து விக்கெட்டையும் வைத்து அடிப்பது ஒன்று, 40 ஓவருக்கும் சேர்த்து விக்கெட்டைக் காப்பாற்றி ஆடுவது இன்னொன்று. அதைச் சரிசெய்கிறேன் என்று கொண்டுவந்த விதி 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் எப்படி முடிந்தது என்று பாருங்கள். சிட்னியில் இங்கிலாந்து 45 ஓவரில் 252. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 தேவை என்றிருந்தபோது 12 நிமிட மழை. இரண்டு ஓவர் போயிற்று. இலக்கில் எவ்வளவு குறைப்பது? முதலில் ஆடிய அணி மிகக் குறைவாக ரன் எடுத்த ஓவர்களைக் கழிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. தென்னாப்பிரிக்கா நன்றாகப் பந்து வீசியிருந்தது, அதுதான் வினையாயிற்று. இங்கிலாந்தின் மிக மோசமான இரண்டு ஓவர்களில் மொத்தமே ஒரு ரன். ஓவர் இரண்டு குறைந்தது, இலக்கு ஒன்றே ஒன்று குறைந்தது. கடைசிப் பந்து ஒன்று, தேவை 21. ஸ்கோர் பலகை அதையும் தப்பாக 22 என்று காட்டியது. தென்னாப்பிரிக்க பேட்ஸ்மேன் மெக்மில்லன் அந்தப் பந்தைத் தட்டி ஒரு ரன் ஓடிவிட்டு நடையைக் கட்டினார்.

பிறகு பிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்களின் கணக்கு வந்தது. 1997 ஜனவரி 1 அன்று ஹராரேயில், ஜிம்பாப்வே – இங்கிலாந்து ஆட்டத்தில் முதல் முறையாகப் பயன்பட்டது. பின்னாளில் ஸ்டீவன் ஸ்டெர்ன் திருத்தியமைத்ததால் இப்போது டி.எல்.எஸ். பலர் இதை மாய மந்திரம் போலப் பேசுகிறார்கள். அடிப்படை எளிமையானது. மீதமுள்ள ஓவரும் கையிலிருக்கும் விக்கெட்டும் சேர்ந்ததுதான் ஓர் அணியின் கையிருப்பு. 50 ஓவரும் பத்து விக்கெட்டும் இருந்தால் 100 சதவீதம். பழைய அச்சிட்ட அட்டவணையை எடுத்தால், 40 ஓவருக்கு 89.3. (80 இல்லை. பத்து ஓவர் குறைந்தாலும் விக்கெட் குறையவில்லையே!) 20 ஓவர் மீதி, 5 விக்கெட் போயிருக்கிறது என்றால் 38.6.

உங்கள் எதிரணி தொடங்கும்போது 89.3. மழை வந்தபோது மிச்சம் 38.6. செலவழித்தது 50.7. உங்கள் 180-ஐ 50.7-ஆல் பெருக்கி 89.3-ஆல் வகுத்தால் 102 சொச்சம். அந்த நேரத்தில் அவர்கள் 102-இல் இருந்திருக்க வேண்டும், இருந்தது 95. நீங்கள் 7 ரன்னில் ஜெயித்தீர்கள். ஆனால் அதே 95-ஐ அவர்கள் 2 விக்கெட் மட்டும் இழந்து எடுத்திருந்தால் தேவை 74 தான். அப்போது இதே கேப்டன் எனக்கு ரன் ரேட்டைத் திட்டி எழுதியிருக்க மாட்டார், டக்வொர்த் லூயிஸைத் திட்டி எழுதியிருப்பார் என்பது என் அனுபவம்.

இன்னொன்றையும் பாருங்கள். சர்வதேச ஒருநாள் ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடும் அணி குறைந்தது 20 ஓவராவது ஆடியிருந்தால்தான் முடிவு, இருபது ஓவர் ஆட்டத்தில் 5 ஓவர். உங்கள் லீக்கில் எத்தனை என்று தெரியுமா? 19.4-இல் மழை வந்திருந்தால் சண்டை இன்னும் நீளமாகப் போயிருக்கும்.

கேள்வி: மழைக்குப் பின் இலக்கு மாறினால் அதை யார், எப்படி அறிவிக்க வேண்டும்? எங்கள் ஆட்டத்தில் இரண்டு அணிகளிடமும் இரண்டு எண்கள் இருந்தன.
– புதிதாகப் பேனா பிடித்திருக்கும் ஸ்கோரர்

பதில்: தம்பி, சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

ஸ்கோரராக எனக்கு இரண்டாவது வருடம். முதல் அணி 40 ஓவரில் 163. இடைவேளையில் மழை கொட்டி, அடுத்த அணிக்கு 20 ஓவர்தான் என்று ஆயிற்று. முழு விக்கெட்டோடு 20 ஓவர் என்றால் அட்டவணையில் 56.6. கணக்குப் போட்டேன், 103.3 வந்தது. பெருமையாக ஒரு துண்டுச் சீட்டில் ‘103’ என்று எழுதி, பன்னிரண்டாவது ஆட்டக்காரர் கையில் கொடுத்தனுப்பினேன். சீட்டு நனைந்து, மை கொஞ்சம் பரவியிருந்தது. எண் மட்டும் தெளிவாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை.

கடைசி ஓவர், நான்காவது பந்து. லெக் பக்கம் தட்டி இரண்டு ஓடினார்கள், 103. பேட்ஸ்மேன் மட்டையைத் தூக்கிக் காட்டினார். அடுத்த இரண்டு பந்தையும், குழந்தைக்கு வலிக்கக் கூடாது என்பது போல, மெதுவாகக் காலடியில் வைத்தார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் புத்தகத்தைப் பார்த்தேன், சீட்டை நினைத்தேன், வயிற்றைப் பிசைந்தது. 103 எடுத்தால் சமன். ஜெயிக்க 104 வேண்டும். நான் எழுதியனுப்பியது சமனுக்கான எண்.

அந்த அணியின் கேப்டன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்த பேட்ஸ்மேன் மட்டும் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார். இரண்டு பந்து!

இதில் எனக்கு ஒரே ஆறுதல் 2003 உலகக் கோப்பை. மார்ச் 3, டர்பனில் இலங்கைக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கா. மழை வலுக்கிறது, 45-ஆவது ஓவர். முரளிதரனின் ஐந்தாவது பந்தை பவுச்சர் சிக்ஸருக்கு அடித்தார், 229. வெற்றிக்கான எண்ணைத் தொட்டுவிட்டோம் என்று நம்பி அடுத்த பந்தைத் தடுத்து நிறுத்தினார். 229 என்பது சமன் எண். ஆட்டம் அதற்கு மேல் நடக்கவில்லை, சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து தென்னாப்பிரிக்கா வெளியேறியது. அத்தனை பெரிய ஆட்டத்திலேயே அப்படி என்றால், நனைந்த சீட்டோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்த நான் எம்மாத்திரம்.

இப்போது நான் அம்பயராக நிற்கும் ஆட்டங்களில் இரண்டு ஸ்கோரர்களும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, ஒத்துப்போன பிறகே அறிவிக்கவிடுவேன். சீட்டில் ஒரு எண் எழுதக் கூடாது. ‘வெல்ல 104, சமன் 103, ஓவர் 20, ஒரு பவுலருக்கு 4’ என்று முழுசாக எழுத வேண்டும். ஓவர் குறைந்தால் பவுலருக்கான உச்சவரம்பும் குறையும் என்பதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு கேப்டன்களும் அதைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் முதல் பந்து.

கேள்வி: லேசான தூறல். இரண்டு கேப்டன்களும் ஆடத் தயார். அம்பயர் மட்டும் எல்லோரையும் உள்ளே அழைத்துவிட்டார். நாங்கள் ஆட வந்தோமா, அவர் கோட்டைக் காய வைக்க வந்தோமா?
– 3 விக்கெட் எடுத்திருந்த பவுலர்

பதில்: மூன்று விக்கெட் எடுத்தவருக்கு மழையே தெரியாது என்பது உண்மைதான். முன்பு கேப்டன்கள் இருவரும் ஒத்துக்கொண்டால் மோசமான நிலையிலும் ஆடலாம் என்று இருந்தது. இப்போதைய விதிகளில் அந்த முடிவு அம்பயர்களுடையது மட்டுமே. ஆட்டத்தை நிறுத்த, ஆடுவது ஆபத்து அல்லது நியாயமற்றது என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும்.

அதே நேரத்தில் அம்பயர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புல்லும் பந்தும் ஈரமாக இருப்பது மட்டும் ஆட்டத்தை நிறுத்தக் காரணம் ஆகாது, நிலைமை கச்சிதமாக இல்லை என்பதும் காரணம் ஆகாது. விதியிலேயே இருக்கிறது. பவுலருக்குக் கால் ஊன்ற முடிகிறதா, ஃபீல்டர் தடுமாறாமல் நகர முடிகிறதா, பேட்ஸ்மேன் அடிக்கவும் ஓடவும் முடிகிறதா, இவைதான் கேள்வி. நான் என்ன செய்வேன் என்றால், பவுலரின் முன்கால் விழும் இடத்தில் போய்க் குதிகாலை அழுத்தித் திருகிப் பார்ப்பேன். குழி விழுந்து அதில் தண்ணீர் ஊறினால் ஆட்டம் இல்லை. வெறும் தடம் விழுந்தால் மரத்தூள் போட்டுக்கொண்டு ஆடலாம்.

என் முழங்கால் போனதாகச் சொன்னேனே, அது இப்படித்தான். எனக்கும் அன்றைக்கு மூன்று விக்கெட். “இது ஒரு மழையா, போடுகிறேன்” என்று அம்பயரிடம் நான்தான் மல்லுக்கட்டினேன். அவர் மனசு இளகியவர். அடுத்த ஓவரில் இடது கால் கிரீஸில் விழுந்து, நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. உடம்பு ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம். பந்து என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நோ-பால் என்று சொன்னார்கள்.

கேள்வி: மழை நின்றதும் கவரை எடுப்பதற்குள் பிட்ச் நனைந்துவிடுகிறது. கவர் போட்டே பிரயோசனம் இல்லை.
– கிளப் செயலாளர், கிரவுண்ட்ஸ்மேன், சில நாள் பதினொன்றாவது பேட்ஸ்மேன்

பதில்: கவர் போடுவதில் உங்களுக்குக் குறை இல்லை, எடுப்பதில்தான். மழைக்குப் பின் தார்ப்பாயின் நடுவில் ஒரு குட்டிக் குளம் இருக்கும். அவசரத்தில் நான்கு பேர் நான்கு மூலையைத் தூக்குவார்கள். குளம் முழுவதும் நடுவுக்கு ஓடும். ஒருவர் கை தளர்ந்தால் போதும், அத்தனையும் சரியாகக் குட் லெங்த்தில், அதாவது நல்ல பந்து குத்துகிற இடத்தில், கொட்டும். அப்படி ஒரு தடவை கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்து நனையாமல் காப்பாற்றிய பிட்சை நாங்களே ஒரு நொடியில் நனைத்தோம்.

முதலில் வாளியும் பஞ்சும் வைத்துக் குளத்தை வற்றச் செய்யுங்கள். பிறகு மைதானத்தின் மேடான பக்கத்திலிருந்து ஓரத்தைப் பிடித்து, பள்ளமான பக்கம் நோக்கி, பாயைச் சுருட்டுவது போலப் போக வேண்டும். தண்ணீர் முன்னால் ஓடும். அது பிட்சுக்கு வெளியே, பவுலர் ஓடிவரும் பாதைக்கும் வெளியே போய்ச் சேர வேண்டும். யாரும் பிட்சின் மேல் காலை வைக்கக் கூடாது, ஆர்வக் கோளாறில் உதவ வரும் தொடக்க ஆட்டக்காரர் உட்பட. அவுட்ஃபீல்டுக்கு நீளக் கயிறு ஒன்று போதும். இரண்டு முனையிலும் ஆள் பிடித்துப் புல்லின் மேல் இழுத்துக்கொண்டே நடந்தால் நுனியில் நிற்கும் தண்ணீர் உதிர்ந்துவிடும். ஈரத்தில் ரோலர் மட்டும் வேண்டாம்.

ஆள் பற்றாக்குறை என்றால் வேடிக்கை பார்ப்பவர்களையும் இறக்குங்கள். 1968-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து – ஆஸ்திரேலியா ஆஷஸ் தொடரின் கடைசி டெஸ்ட். கடைசி நாள் மழையில் மைதானம் ஏரியானது. ரசிகர்களே இறங்கி ஊழியர்களோடு சேர்ந்து தண்ணீரை வெளியேற்றினார்கள். மீண்டும் ஆட்டம் தொடங்கி, ஈரம் காய்ந்துகொண்டிருந்த பிட்சில் இங்கிலாந்து பவுலர் டெரெக் அண்டர்வுட் கடைசி நான்கு விக்கெட்டையும் 27 பந்துகளில் சாய்த்தார். இங்கிலாந்து ஜெயித்தபோது பாக்கி இருந்தது ஐந்தாறு நிமிடம்தான்.

கேள்வி: தூரத்தில்தானே இடிக்கிறது, அதற்குள் ஏன் ஓட வேண்டும்?
– டீப் மிட்விக்கெட்

பதில்: இதில் வேடிக்கை கிடையாது. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி. 30 விநாடிக்குள் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, எல்லோரும் கட்டடத்துக்குள் அல்லது காருக்குள் போக வேண்டும். மரத்தடிக்கு இல்லை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வரலாம். இடையில் ஓர் இடி கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து 30. திறந்த வெளியில் தனியாக நிற்கும் உயரமான ஆள் நீங்கள்தான் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: நனைந்த மட்டையை அடுப்பருகே வைத்துக் காய வைக்கலாமா?
– மூன்றாவது ஆட்டக்காரர்

பதில்: கூடாது, வெடித்துவிடும். துடைத்து, நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். அடி முனைதான் தண்ணீரைக் குடித்து ஊதும், அதைப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். பந்தும் அப்படியே. ஆட்டத்தின் நடுவே அம்பயர் பார்வையில், அவர் ஒப்புக்கொண்ட துணியால் துடைக்கலாம்.

கேள்வி: மழையால் கிரிக்கெட்டுக்கு ஏதாவது நல்லது நடந்திருக்கிறதா?
– சலித்துப்போன வாசகர்

பதில்: சர்வதேச ஒருநாள் ஆட்டம் என்பதே மழை தந்ததுதானே. 1970–71 ஆஷஸ் தொடரில் மெல்போர்ன் டெஸ்ட் மழையில் போய்விட, ரசிகர்களை ஏமாற்ற வேண்டாம் என்று 1971 ஜனவரி 5 அன்று ஒரே நாளில் முடியும் ஆட்டம் ஒன்றை வைத்தார்கள். ஓவருக்கு எட்டுப் பந்து, அணிக்கு 40 ஓவர். அதுதான் முதல் சர்வதேச ஒருநாள் ஆட்டம்.

எனக்குப் பிடித்தது அதே மெல்போர்னில் 1937 புத்தாண்டு டெஸ்ட். அப்போது பிட்சை மூடுவது கிடையாது. ஆஸ்திரேலியா 9 விக்கெட்டுக்கு 200 எடுத்து டிக்ளேர் செய்தது. நனைந்த பிட்சில் இங்கிலாந்து 9 விக்கெட்டுக்கு 76 எடுத்து, எதிரியையும் இதே சேற்றில் ஆடவிடலாம் என்று டிக்ளேர் செய்தது. ஆஸ்திரேலிய கேப்டன் பிராட்மன் அசரவில்லை. பேட்டிங் வரிசையைத் தலைகீழாக்கி, கடைசி ஆட்டக்காரர்களான ஓ’ரைலியையும் ஃப்ளீட்வுட்-ஸ்மித்தையும் தொடக்க ஆட்டக்காரர்களாக அனுப்பினார். பிட்ச் காயும் வரை நேரம் கடத்துவது அவர்கள் வேலை. காய்ந்த பிறகு ஏழாவதாக வந்த பிராட்மன் 270 அடித்தார். உங்கள் கிளப்பில் பதினொன்றாவது ஆட்டக்காரரைத் தொடக்கத்தில் அனுப்பினால் அவர் என்ன காரணம் கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: காலையிலிருந்து மழை கொட்டுகிறது. ஆட்டம் நடக்காது என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் என் கணவர் பையைத் தூக்கிக்கொண்டு ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுகிறார். கேட்டால் “விதி அப்படி” என்கிறார். உண்மையா?
– ஒரு விக்கெட் கீப்பரின் மனைவி

பதில்: அம்மா, அவர் சொல்வதில் பாதி உண்மை. பல லீக்குகளில் மைதானத்தை நேரில் பார்த்துத்தான் ஆட்டத்தைக் கைவிட வேண்டும், அணி வந்து சேராவிட்டால் புள்ளி போய்விடும். ஆகவே ஒன்பது மணிக்குக் கிளம்புவது சரி. அம்பயர் பார்த்து, கேப்டன்கள் கையெழுத்துப் போட்டு, எல்லாம் முடியப் பதினொன்று ஆகலாம். அவர் இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புவதற்கு விதிப் புத்தகத்தில் நான் தேடிய வரையில் ஒன்றும் கிடைக்கவில்லை.